முதுமையும் உடற்பயிற்சியும்

மக்கள் வாழ்நாளை இளமை, நடுவயது, முதுமை என மூன்றாகப் பகுத்தல் உலக வழக்கு. இம்மூன்றனுள் இளமைக்குக் கல்வியும் விளையாட்டும், நடுவயதிற்குத் தொழிலும் பொருளீட்டலும், முதுமைக்கு ஓய்வும் உரியன என்று நம்மவர் பலரும் கருதி வருகின்றனர். இக்கருத்தின் முற்பகுதியைப்பற்றி ஈண்டு யாம் ஒன்றும் கூற வந்திலேம். முதுமைக்கு உரியது ஓய்வே என்னும் பிற்பகுதியே நம் ஆராய்ச்சிக்கு உரியது. அக்கருத்துப் பிழையானது என்பதும், பிழையாதலோடு அமையாது தீங்கும் பயக்கின்றது என்பதும், வயது ஏற ஏற உடற்பயிற்சியின் தேவை குறையாது மிகுகின்றது என்பதும் எம் துணிபு. அத்துணிபிற்குரிய காரணங்களை மாணாக்கர், ஆசிரியர், பழைய மாணவர் ஆகிய முத்திறத்தார் முன்னும் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இளைஞர் பயிலும் ஒரு கல்லூரியின் இதழில் முதுமையைப்பற்றிய பேச்சு எற்றுக்கு என வினவுவாரும் உளராவர். இவ்விதழ் வகுப்பறைகளில் மட்டும் படிக்கப்படுவதன்று. பல ஊர்களிலும் வாழும் பழைய மாணவர் இல்லங்களிலும் புகுவது. அவருட் பலர் பணியினின்றும் ஓய்வு பெற்றவர். மாணாக்கர்தாமும் முதியோரில்லாத உலகில் வாழ்பவரல்லர். இந்திய நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்றும், தமிழ்நாட்டில் நூற்றுவர்க்குப் பதின்மர் அவ்வயதினர் என்றும் 2011-ஆம் ஆண்டின் குடிமதிப்புக் கணக்குக் கூறிற்று. அதன்பின் அத்தொகை வளர்ந்ததேயன்றிக் குறைந்ததில்லை. தமிழ்நாட்டரசின் பணியாளர்க்கு ஓய்வு பெறும் வயது 2021-ஆம் ஆண்டு முதல் 60. அவ்வயதை எய்திய இந்தியர் சராசரியாக மேலும் 18 ஆண்டுகள் வாழ்கின்றனர். பதினெட்டு ஆண்டு என்பது, ஒரு குழந்தை பிறந்து வளர்ந்து பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி வாயிலிற் புகும் வரையுள்ள காலமாகும். அத்துணை நெடிய காலத்தைச் சாய்வு நாற்காலிக்கு ஒப்படைத்து விடுதல் தகுமா என்பதே நம் வினா.

ஆண்டு பல சென்றும் நரை தோன்றாமைக்குக் காரணம் யாது என வினவப்பட்ட பிசிராந்தையார், மனைவி மக்களின் மாண்பும், ஏவலரின் இயல்பும், அரசனின் செங்கோன்மையும், ஊரில் வாழும் சான்றோரின் தொகுதியுமே காரணம் என விடையிறுத்தார் என்பது புறநானூறு கற்றார் அறிந்தது. கவலையில்லாத மனம் உடலைக் காக்கும் என்பது அப்புலவர் கண்ட உண்மை. அதனை யாம் மறுப்பேமல்லேம். ஆயினும் ஒன்று கருதத்தக்கது. புலவர்கள் ஊர்விட்டு ஊர் நடந்து வள்ளல்களை நாடிச் சென்ற காலம் அது. உடலுழைப்பு அந்நாளில் தனியே எடுத்துக் கூற வேண்டாத அளவிற்கு வாழ்க்கையோடு ஒன்றியிருந்தது. அஃது ஒன்றாது பிரிந்து நிற்கும் இக்காலத்தில், அப்பட்டியலோடு நாம் அதனையும் சேர்த்தெண்ணல் வேண்டும்.

இனி, மூப்பினால் உடல் தளர்கின்றது என்னும் பொதுக்கூற்றைச் சிறிது ஆராய்வோம். முதியோர் உடலிற் காணப்படும் தளர்ச்சி ஒரே காரணத்தால் விளைவதன்று. ஆண்டுகள் செல்வதால் விளையும் தளர்ச்சி ஒன்று. உறுப்புக்களைப் பயன்படுத்தாமையால் விளையும் தளர்ச்சி மற்றொன்று. முன்னதை விலக்குதல் எவராலும் இயலாது. பின்னதை விலக்குதல் பெரும்பாலும் நம் கையிலுள்ளது. இவ்விரண்டும் ஒருங்கே தோன்றுவதால், இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, எல்லாம் வயதின் குற்றமே என்று நாம் அமைதி அடைந்துவிடுகின்றோம்.

இவற்றைப் பிரித்துக் காட்டிய ஆராய்ச்சியொன்று அமெரிக்க நாட்டு டாலஸ் நகரில் 1966-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. நோயற்ற இருபது வயது இளைஞர் ஐவர் மூன்று வாரம் படுக்கையிற் கிடக்குமாறு பணிக்கப்பட்டனர். அதன் முன்னும் பின்னும் அவர்தம் உழைக்கும் ஆற்றல் அளக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் கழிந்தபின், ஐம்பது வயதை எய்திய அவ்வைவரையே மீண்டும் அழைத்து அளந்தனர். முப்பது ஆண்டு மூப்பினால் நேர்ந்த இழப்பினும், மூன்று வாரப் படுக்கையினால் இளமையில் நேர்ந்த இழப்பே பெரிதென்று அப்போது புலனாயிற்று. அதனோடு அமையாது, அவர்க்கு ஆறு மாதம் முறையாகப் பயிற்சி அளித்தனர். நடத்தல், மெல்லோட்டம், மிதிவண்டிப் பயிற்சி என்னும் எளிய பயிற்சிகளே அவை. அம்முடிவில் அவர்தம் இதயமும் நுரையீரலும் இணைந்து தரும் ஆற்றல், இருபது வயதில் படுக்கைக்கு முன்னிருந்த அளவை மீண்டும் எய்திற்று. ஐவர் மட்டுமே சோதிக்கப்பட்டனர் என்பது உண்மை. எனினும், காலம் கவர்ந்ததெனக் கருதப்படுவதிற் பெரும்பங்கு சோம்பல் கவர்ந்ததே என்பதை அஃது ஐயமறக் காட்டிற்று.

உழைப்பிற்கும் இதயத்திற்கும் உள்ள தொடர்பினை முதன்முதல் தெளிவாக எடுத்துக் காட்டியவர் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஜெரமி மாரிஸ் என்பார். லண்டன் நகரத்து இரட்டை மாடிப் பஸ்களில் ஓட்டுநர் நாள் முழுதும் ஓரிடத்தில் அமர்ந்திருப்பார். கண்டக்டரோ சீட்டுக் கொடுக்கும் பொருட்டு மாடிப்படிகளில் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பார். ஒரே நிறுவனத்தில் ஒத்த ஊதியநிலையில் பணியாற்றிய இவ்விரு திறத்தாருள், கண்டக்டர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாகவும், வந்துழியும் அதன் கொடுமை தணிந்தும் இருந்தது என 1953-ஆம் ஆண்டில் மாரிஸ் வெளியிட்டார். நடந்தும் மிதிவண்டியிற் சென்றும் கடிதம் வழங்கிய அஞ்சற்காரருக்கும், நாற்காலியில் அமர்ந்து பணியாற்றிய எழுத்தருக்கும் இடையிலும் அத்தகைய வேறுபாடே காணப்பட்டது. தம் ஆராய்ச்சியைத் தம் வாழ்விலும் கைக்கொண்ட அவர் 1910-இல் பிறந்து, 99 ஆண்டுகள் வாழ்ந்து, 2009-இல் மறைந்தார். ஒருவர் நீண்ட வாழ்வு ஒரு கொள்கையை நிறுவிவிடாது. எனினும் கூறியதைத் தாமே செய்து காட்டிய ஆசிரியர்பால் நமக்கு நன்மதிப்பு எழுதல் இயல்பே.

இஃது ஐம்பது வயதினர்க்கும் அறுபது வயதினர்க்கும் பொருந்தலாம். எண்பதையும் தொண்ணூறையும் எட்டினார்க்கு என் செய்வது என்பர் சிலர். அதற்கும் விடை உண்டு. பாஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த பதின்மர் எடை தூக்கும் பயிற்சிக்கு உட்படுத்தப்பட்டனர். அவர் வயது 90-ஐ ஒட்டியது. நோயாலும் மெலிவாலும் நலிந்தவர். வாரம் மும்முறை, எட்டு வாரம், கால் தசைகளுக்கு மட்டும் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒருவர் இடையில் நின்றுவிட, ஒன்பதின்மர் நிறைவு செய்தனர். அவர்தம் கால்வலிமை சராசரி 174 விழுக்காடு பெருகிற்று, நடையும் விரைவுற்றது. 1990-ஆம் ஆண்டு இச்செய்தி வெளிவந்தபோது மருத்துவ உலகம் வியந்தது. தொண்ணூறு வயதினர் தசையும் பயிற்சிக்கு மறுமொழி கூறுகின்றது என்பது அதுகாறும் பலரும் எண்ணிப் பாராத ஒன்று. காலங் கடந்துவிட்டது என்னும் சொல்லை இனி நாம் எளிதில் வழங்கலாகாது.

தசையின் வலிமை என்றவுடன் மல்லரையும் அவர் தோள்களையும் நினைத்தல் வேண்டா. முதியோர்க்குத் தசை வேண்டுவது அழகிற்கன்று. நாற்காலியினின்றும் பிறர் கைபற்றாது எழுதல், பஸ்ஸின் படியில் ஏறுதல், நள்ளிரவில் இருளில் எழுந்து தடுமாறாது நடத்தல், கால் இடறியவழி உடலை நொடியில் நிலைநிறுத்துதல் ஆகிய இவையே அவர்க்கு உயிர்நிலை. உலகெங்கும் ஆண்டொன்றிற்கு 6,84,000 மக்கள் கீழே விழுந்து மாள்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவருட் பெரும்பாலோர் 60 வயதைக் கடந்தவர். மாளாதவருள்ளும் இடுப்பெலும்பு முறிந்து, அதன்பின் தாமாக நடவாதே போனோர் பலர். 'குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதன்பின் எழவில்லை' என்னும் செய்தி நம் ஊர்களிற் புதியதன்று. அவ்வாறு விழுதலைப் பயிற்சி தடுக்குமோ எனின், பெரிதும் தடுக்கும். 108 ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்புரையொன்று, பயிற்சி செய்யும் முதியோரிடத்து வீழ்ச்சிகள் 23 விழுக்காடு குறைந்தன எனக் கண்டது. அவற்றுள்ளும் கால்வலிமையையும் உடலின் சமநிலையையும் வளர்க்கும் பயிற்சிகளே பெரும்பயன் அளித்தன.

நீரிழிவு நோயைப்பற்றியும் ஒரு சொல் கூறல் வேண்டும். இந்நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் அந்நோய் உடையர் என 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குக் கூறிற்று. நாம் உண்ணும் சோறு சர்க்கரையாகி இரத்தத்திற் கலந்தபின், அதனைப் பெரும்பகுதி வாங்கிக்கொள்வது தசையே. தசை தேயின் அச்சர்க்கரை புகுதற்குரிய களஞ்சியம் சுருங்குகின்றது. தசை உழைப்பின் அக்களஞ்சியத்தின் வாயில் அகலத் திறக்கின்றது. உணவிற்குப்பின் சிறிது நேரம் உலாவுதல்கூட இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தணிக்கும். மருந்தையே நம்பி நாற்காலியை விட்டெழாதவர், மருந்தின் பயனிற் பாதியைத் தாமே மறுக்கின்றவராவர்.

நம் முன்னோர் இவையெல்லாம் அறிந்து பயிற்சி செய்தனரோ எனின், பெரும்பாலும் இல்லை. அவர்க்குப் பயிற்சி தனியே வேண்டப்படவில்லை. நம் பாட்டியர் உரலில் நெல்குற்றினர்; ஆட்டுக்கல்லில் மாவரைத்தனர்; கிணற்றில் நீரிறைத்துக் குடத்தை இடுப்பில் ஏந்தினர்; குந்தியிருந்து அரிவாள்மணையிற் காய் அரிந்தனர்; குனிந்து வாசல் பெருக்கிக் கோலமிட்டனர்; தரையில் அமர்ந்து உண்டு, கை ஊன்றாது எழுந்தனர். இவை ஒவ்வொன்றும் இக்காலத்துப் பயிற்சிக் கூடங்களிற் பொருள் கொடுத்துக் கற்கும் அசைவுகளேயாம். அவ்வுழைப்பின் கொடுமையையும் யாம் மறந்தேமல்லேம். விடியுமுன் எழுந்து இரவு வரை ஓயாது உழைத்து இளமையிலேயே முதுகு வளைந்த பெண்டிர் எண்ணிறந்தோர். மின்பொறிகள் அச்சுமையை இறக்கி வைத்தமை பெரும்பேறு. அம்மியையும் உரலையும் மீண்டும் அவர் தலையிற் சுமத்துக என்று கூறுவார் அறிவுடையரல்லர். ஆனால் சுமையோடு அசைவும் அகன்றது. அகன்ற அசைவை வேறொரு வழியால் நாம் ஈடு செய்தோமில்லை. குறை அங்கேதான் உள்ளது.

தரையில் அமர்ந்தெழும் பழக்கம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பிரேசில் நாட்டு மருத்துவர் 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் செய்து, கையையும் முழங்காலையும் எத்துணை ஊன்றினர் என்று கணக்கிட்டு வைத்தனர். ஆண்டுகள் சில கழிந்தபின் நோக்கியபோது, எளிதில் அமர்ந்தெழுந்தவரினும் இயலாது இடர்ப்பட்டவரே மிகுதியாக இறந்திருந்தனர் என 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தரையில் அமர்தல் ஆயுளை நீட்டிக்கும் மந்திரம் என இதற்குப் பொருளன்று. வலிமை, வளைவு, சமநிலை என்னும் மூன்றும் ஒருவரிடத்து எஞ்சியுள்ளனவா என்பதை அச்சிறு செயல் காட்டிவிடுகின்றது என்பதே பொருள். பந்தியிற் பாய்விரித்து அமர்ந்த நம் மக்கள் மேசைக்கு மாறியபோது, நாள்தோறும் தம்மையறியாது எழுதிவந்த தேர்வொன்றைக் கைவிட்டனர் எனலாம்.

இனி, யாம் முதன்மையாகக் கூற விரும்பும் செய்திக்கு வருகின்றோம். நம் இல்லங்களில் முதியோரைச் செயலற்றவராக்குவது பெரும்பாலும் பகைமையன்று, அன்பே. 'அம்மா, நீங்கள் உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்ளுகிறேன்' என்கின்றாள் மருமகள். 'தாத்தா, கடைக்கு நீங்கள் ஏன் போகவேண்டும்? நான் வண்டியிற் போய் வாங்கி வருகிறேன்' என்கின்றான் பேரன். ஓய்வு பெற்ற தந்தை மாடியேறினால் மகன் வருந்துகின்றான். குடம் தூக்கினால் அயலார் என்ன சொல்வரோ என மகள் அஞ்சுகின்றாள். முதியோரை வேலை செய்ய விடுதல் அவரை இழிவு செய்தலாகும் என்பது நம்மிடை ஊறிய எண்ணம். ஆகவே முதலிற் கடைத்தெரு அவர்க்கு விலக்கப்படுகின்றது, பின்னர் மாடிப்படி, பின்னர்க் கிணற்றடியும் தோட்டமும், ஈற்றில் வீட்டு வாயிலும். ஒவ்வொன்றும் மரியாதையின் பெயராலேயே நிகழ்கின்றது. ஈராண்டு கழிந்தபின், 'அப்பாவுக்கு இப்போது நடக்கவே முடிவதில்லை' என்று அவ்வன்புடையோரே கண்ணீர் விடுகின்றனர். மரியாதை என்பது ஒருவர் கையிலுள்ள தொழிலைப் பறித்தலன்று. அவர் தாமே செய்ய வல்லதைத் தாமே செய்தற்குரிய வாய்ப்பைக் காத்தலே உண்மையான மரியாதை என்பது எம் கருத்து.

இதனுள் மற்றொரு வேறுபாட்டையும் காண்கின்றோம். காலையில் பூங்காக்களிலும் கடற்கரையிலும் நடக்கும் முதியோருள் ஆடவரே மிகுதி. அவர் வயதொத்த பெண்டிர் அந்நேரத்தில் அடுக்களையில் இருப்பர், அன்றேற் பேரக்குழந்தைகளைப் பள்ளிக்கு ஆயத்தஞ் செய்துகொண்டிருப்பர். வீட்டு வேலையே போதிய பயிற்சி என்று அவர்க்குக் கூறப்படுகின்றது. நின்ற இடத்தில் நின்று சமைத்தல் களைப்பைத் தரும், இதயத்தை விரைவுபடுத்தாது. மாதவிலக்கு நின்றபின் எலும்பு விரைந்து மெலிவது பெண்டிர்க்கே. எனவே எலும்பைத் தாங்கும் தசைப்பயிற்சி ஆடவரினும் அவர்க்கே மிகுதியும் வேண்டப்படுவது. ஆடவர் நாளொன்றிற்கு அரைமணி நேரம் அடுக்களைப் பொறுப்பை ஏற்றுத் தம் இல்லத்தரசியரை வெளியே நடக்க விடுவரேல், அவ்வொரு மாற்றமே பல நோய்களைத் தடுக்கும்.

எம் கொள்கைக்கு எதிராகக் கூறப்படும் தடைகளையும் நோக்குதல் முறை. இதயம் தளர்ந்தவர் உழைத்தலால் உயிர்க்கு இடையூறு நேராதோ என்பது முதல் தடை. திடீரென்று மிகையாக உழைப்பின் நேரும். சிறிது சிறிதாக ஏற்றினால் அரிது. மார்பு வலி, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் உடையோர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது. முழங்கால் வலி உடையோர் நடத்தல் கூடாதன்றோ என்பது அடுத்த தடை. தேய்ந்த மூட்டுக்கு ஓய்வே மருந்தென்பது பழைய எண்ணம். தொடைத் தசை வலுப்பெறின் மூட்டின் சுமை குறைந்து வலி தணியும் என்பதும், அளவான பயிற்சி அந்நோய்க்குரிய முதல் மருத்துவங்களுள் ஒன்றென்பதும் இக்காலத்து மருத்துவர் துணிபு. விதித்த நாளுக்கு மேல் எவரும் வாழார், பின் பயிற்சி எதற்கு என்பது மூன்றாவது. நாட்களின் எண்ணிக்கையைப்பற்றி யாம் வாதிடவில்லை. உள்ள நாட்களில் தம் காலில் தாம் நிற்றலும், கடைசி வரை பிறர்க்குச் சுமையாகாமையுமே எம் வேட்கை. அது விதியை வெல்லுதலன்று. கொடுத்த உடலைப் பேணுதலே.

இடமும் வசதியும் இல்லை என்னும் தடை ஒன்றே உண்மையானது. நம் நகரங்களில் நடைபாதை உள்ள இடங்கள் சில. அவற்றுள் கடைகளும் வண்டிகளும் அடைக்காதன மிகச் சில. தெருவில் நடக்கும் முதியவர் உடல்நலம் தேடிச் சென்று எலும்பு முறிந்து திரும்புதலும் உண்டு. இந்நிலையில், தமிழ்நாட்டரசு 2023-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைவழிகளை வகுத்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியதும், 2021-ஆம் ஆண்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியையும் வீடு தேடிச் செல்லும் உதவிகளுள் ஒன்றாகச் சேர்த்ததும் பாராட்டத்தக்கன. ஆயினும் மாவட்டத்திற்கு ஒரு வழி போதாது. தெருவிற்கு ஒரு நடைபாதை வேண்டும்.

எவ்வளவு பயிற்சி வேண்டும் என வினவின், உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வகுத்த அளவு இது: வாரத்தில் 150 நிமிடத்திற்குக் குறையாது விரைநடை போன்ற மிதமான உழைப்பு, வாரத்தில் இரண்டு நாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, முதியோர்க்கு இவற்றோடு வாரத்தில் மூன்று நாளேனும் சமநிலைப் பயிற்சி. அவ்வளவு இயலாதார் இயன்ற அளவு செய்க. சிறிது செய்தலும் ஒன்றுஞ் செய்யாமையினும் நன்று என்பதும் அந்நிறுவனத்தின் கூற்றே. நாளொன்றிற்கு 10,000 அடி நடந்தே தீரவேண்டும் என்று மனம் வருந்துவோர் உளர். அவ்வெண் 1965-ஆம் ஆண்டில் ஜப்பானில் விற்கப்பட்ட அடியளக்கும் கருவியொன்றின் பெயரால் பரவியதேயன்றி, மருத்துவர் கண்ட எல்லையன்று. சராசரி 72 வயதுடைய பெண்டிர் 16,741 பேரை ஆராய்ந்து 2019-இல் வெளிவந்த செய்தி, 2,700 அடி நடந்தோரினும் 4,400 அடி நடந்தோரிடத்து இறப்பு 41 விழுக்காடு குறைவு என்றும், 7,500 அடிக்கு மேல் அப்பயன் மேலும் வளரவில்லை என்றும் கூறிற்று. எட்டாத எண்ணைக் கண்டு அஞ்சி எட்டக்கூடியதையும் கைவிடுதல் பேதைமையாம்.

நடை ஒன்றே போதும் எனக் கருதுதலும் பிழை. நடை இதயத்திற்கு நன்று. தசைக்கும் சமநிலைக்கும் வேறு பயிற்சிகள் வேண்டும். அவற்றிற்குப் பொருட்செலவு வேண்டா. உறுதியான நாற்காலியிலிருந்து கையூன்றாது பத்து முறை எழுந்து அமர்க. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, தண்டால் எடுப்பதுபோல் உடலைச் சாய்த்து நிமிர்த்துக. நீர் நிறைந்த செம்பு ஒன்றைக் கையிலேந்தி மெல்ல உயர்த்தித் தாழ்த்துக. சுவரருகே நின்று ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்கப் பழகுக. ஒரு காலின் குதியை மறுகாலின் விரல் நுனியோடு சேர்த்து வைத்து ஒரு கோட்டின்மேல் நடக்க. இளமையில் பஸ்கியும் கர்லாக் கட்டையும் பழகினோர் அப்பழைய வேகத்தை நாடாது, அதன் எளிய வடிவத்தைக் கைக்கொள்க. வெயில் ஏறுமுன் நடத்தலும், தாகம் எடுக்குமுன் நீர் பருகுதலும், பிடிப்புள்ள செருப்பணிதலும் நல்லன. நீரிழிவிற்கு மருந்துண்பவர் சிறிது இனிப்பைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குன்றியவர் வெறுங்காலில் நடத்தலாகாது. பேசிக்கொண்டே நடக்க முடிதலும், பாட முடியாமையும் மிதமான உழைப்பின் எளிய அளவுகோல்.

பஞ்சாப் நாட்டு மூதாட்டி மான் கௌர் என்பார் 93 வயதில் ஓடத் தொடங்கி, 2017-ஆம் ஆண்டில் ஆக்லாந்து நகரில் நடந்த உலக முதியோர் விளையாட்டில் 101 வயதில் நூறு மீட்டர் ஓடிப் பதக்கம் பெற்றார். 2021-இல் அவர் மறைந்தார். அவரைப்போல் எல்லாரும் ஓடுக என்று யாம் கூறவில்லை. தொடங்குதற்குரிய வயது கடந்துவிட்டது என்பார்க்கு அவர் பெயரை நினைவூட்டுகின்றோம், அவ்வளவே.

முடிவாக, நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். உடற்பயிற்சியைக் கல்வியின் ஒரு கூறாக்கியதிற் கிறிஸ்தவ நிறுவனங்களுக்கு இந்நாட்டிற் சிறப்பான பங்குண்டு. ஹாரி குரோ பக் என்பார் 1920-ஆம் ஆண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவிய நாள் முதல், அங்குப் பயின்ற ஆசிரியர் பலர் தென்னாட்டுப் பள்ளிகளிற் பரவினர். ஆனால் அப்பயிற்சி பட்டம் பெறும் நாளோடு முடிந்துவிடுகின்றது. விளையாட்டிற் கேடயம் பெற்றோர் பெயர்ப்பலகை மண்டபத்தில் நிற்கின்றது. அப்பெயருடையோர் நாற்பது ஆண்டு கழித்துப் படியேற மூச்சு வாங்குகின்றனர். கல்வி வாழ்நாள் முழுதும் தொடர்வது என்று மேடைதோறும் கூறும் நாம், உடற்கல்வியை மட்டும் இருபத்தொரு வயதில் நிறுத்திவிடுவதற்கு நியாயம் யாது?

நம் விளையாட்டுத் திடல் விடியற்காலையில் வெறுமையாய்க் கிடக்கின்றது. அதனை நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓய்வு பெற்ற ஆசிரியர்க்கும், பணியாளர்க்கும், பழைய மாணவர்க்கும், அவர்தம் இல்லத்தார்க்கும், சுற்றுப்புறத்து முதியோர்க்கும் திறந்துவிடல் வேண்டும். ஓட்டப்பாதையின் ஓரத்தில் அமர்ந்து இளைப்பாறச் சில பலகைகளும், பற்றிக்கொள்ள ஒரு கைப்பிடிச் சுவரும், குடிநீரும் இருப்பின் அமையும். உடற்பயிற்சி ஆசிரியர் வாரத்தில் இருநாள் வழிகாட்டலாம். நாட்டு நலப்பணித் திட்ட மாணாக்கர் முறைவைத்து வந்து, தளர்ந்தார்க்குத் துணை நடக்கலாம். அவ்வாறு நடக்கும் இளைஞர், தம் வகுப்பிற் கேளாத பல செய்திகளை அம்முதியோர் வாய்க் கேட்பர் என்பதும் உறுதி. இதற்காகும் செலவு, ஆண்டு விழாப் பந்தலின் செலவினும் குறைவே.

மாணாக்க நண்பர்களே, இவ்விதழை வீட்டிற்குக் கொண்டு செல்லுங்கள். விடுமுறையில் உங்கள் தாத்தா கடைக்குப் புறப்படும்போது வண்டிச் சாவியை எடுக்காதீர்கள். செருப்பை எடுத்து வைத்து, உடன் நடந்து செல்லுங்கள். பாட்டி தரையிலிருந்து எழும்போது விரைந்து தூக்கிவிடாமல், விழாதபடி அருகில் நில்லுங்கள். பழைய மாணவர்களே, திடலின் வாயில் திறக்கப்படும் நாள்வரை காத்திராமல், நாளைக் காலையிலேயே உங்கள் தெருவில் பத்து நிமிடம் நடக்கத் தொடங்குங்கள். முதுமை வருதல் இயல்பு, முடங்குதல் இயல்பன்று. இவ்விரண்டையும் வேறாகக் காணும் அறிவு நம் நாட்டில் வளர்வதாக.